மூன்றாம் வரிசை, நான்காம் வீடு

இரண்டாவது முறையும் அஞ்சலாட்சி "இல்லை" என்றாள்.

கத்தவில்லை. அழவில்லை. எதிரே இருந்தவன் முகத்தில் காறித் துப்பவும் இல்லை. சந்தையில் காளையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துவிட்டு, வயசு அதிகம் என்று கையைத் துடைத்துக்கொண்டு நகர்கிறவர்களைப் போல, மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைத் தானே கழற்றி மேஜைமேல் வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சென்னியப்பன் நாற்காலியை விட்டு எழவில்லை. ஆறடி ஆள், மேட்டுத் தெருவுக்கே தலைவன். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்னும் ஒரே ஒரு அமர்வுதான்," என்றார் சமாதான அவையின் அதிகாரி இன்பவல்லி. "வர்ற வியாழன், காலைல பதினோரு மணி. அன்னிக்கும் 'இல்லை'ன்னா கேஸ் கோர்ட்டுக்குப் போயிடும். ஆயுள்தான். அப்புறம் என் கையில ஒண்ணுமில்லை."

இதை அவர் சென்னியப்பனைப் பார்த்துச் சொல்லவில்லை. அவன் நாற்காலிக்குப் பின்னால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற மாட்டுத் தரகர் நாச்சிமுத்துவைப் பார்த்துத்தான் சொன்னார். எருக்கலம்பாளையத்தில் எந்த விவகாரம் முடிய வேண்டுமென்றாலும் நாச்சிமுத்துவைப் பார்த்துச் சொல்வதுதான் வழக்கம். கொடுக்கிறவனுக்கும் அவர்தான் ஆள், வாங்குகிறவனுக்கும் அவர்தான் ஆள். ஊரே இரண்டாகப் பிளந்தபோதும், இரண்டு துண்டிலும் காபி குடிக்க முடிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஊர் பிளந்த கதை பெரிய கதை இல்லை. கிழக்கே கடல் ஏறி ஏறிக் கரையோர ஊர்களைத் தின்றுவிட்டது. தின்றது போக மிஞ்சியவர்களை அரசாங்கம் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, எருக்கலம்பாளையத்து வாய்க்கால் ஓரத்தில் இறக்கியது. எட்டு வரிசை, வரிசைக்கு இருபது வீடு. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வெள்ளை வீடுகள். வந்தவர்களுக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டும், இருந்தவர்களுக்கும் வாழை காயாமல் இருக்க வேண்டும், வாய்க்காலோ ஒன்றுதான். ஒரு கோடையில் யாரோ மடையைத் திறந்துவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. வாய்க்கால் குடியிருப்பில் கயிறு முறுக்கி விற்கும் கலியமூர்த்திதான் திறந்தான் என்று மேட்டுத் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. மடையில் நடந்த அடிதடியில் சென்னியப்பனின் தம்பி மண்டை உடைந்து செத்தான். அப்புறம் இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்கு ஊரில் வேறு பெயர் கிடையாது, "அந்த ரெண்டு நாள்" என்றாலே போதும். அறுபத்தொரு பேர் செத்தார்கள், அதில் ஒருவன் அஞ்சலாட்சியின் புருஷன் கலியமூர்த்தி. மூன்று வருடம் சந்தை கூடவில்லை.

பிறகுதான் பட்டை வந்தது.

முதல் நாள் இன்பவல்லி அதைச் சந்தைத் திடலில் வைத்து எல்லோர் முன்னாலும் காட்டினார். பட்டையில் இரண்டு பாகம். செய்தவன் கையில் ஒன்று, இழந்தவர் கையில் ஒன்று. மாதிரிக்கு ஒன்றை ஆட்டு வியாபாரி ஒருவர் கையில் கட்டினார், இன்னொன்றை நாச்சிமுத்து கையில். அடுத்த நொடி நாச்சிமுத்து "அய்யோ" என்று தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆட்டுக்காரருக்குக் கடவாப்பல்லு சொத்தைங்க," என்றார்கள் கூட்டத்தில். மூன்று வருடத்தில் இரண்டு தெருவும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

நாச்சிமுத்து தாடையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "மனசுல இருக்கறதைப் படிக்குமுங்களா மேடம்?"

"படிக்காது. உடம்புல நடக்கறதை அப்படியே கடத்தும், அவ்வளவுதான். அங்க நெஞ்சு அடைச்சா இங்க அடைக்கும். அங்க வயிறு முறுக்கினா இங்க முறுக்கும். செஞ்சவர் செஞ்சதைச் சொல்லும்போது உண்மையிலேயே நோகுதா, இல்லை பாடம் ஒப்பிக்கிறாரான்னு கேக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும். 'ஏற்கிறேன்'னு சொன்னா வழக்கு முடிஞ்சது."

"எதுக்காக அடைக்குதுன்னு தெரியுமுங்களா?"

"அது தெரியாது," என்றார் இன்பவல்லி.

அந்த 'அது தெரியாது'வில் நாச்சிமுத்துவுக்கு ஒரு தொழிலே கிடைத்துவிட்டது. காசுக்குச் செய்யும் தொழில் அல்ல. சந்தை கூட வேண்டும், அதற்காக. அமர்வுக்கு முந்தின நாள் ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பார். "செஞ்சதை நெனைக்காதே கண்ணு. நெனச்சீன்னா பயந்தான் வரும், பயம் வந்தா கெட்டுப்போச்சு. உங்கம்மா செத்த அன்னிக்கு அவ காலைக் கழுவுனயே, அதை நெனை. வாயில கேஸைச் சொல்லு, வயித்துல அம்மாளை வெச்சுக்க." பதினோரு பேர் இப்படித் தேறினார்கள். பதினோராவது ஆள் தேறிய வாரம் சந்தை பாதி கூடியது. நாலு மாடு வந்தது, மூன்று விற்றது.

இரண்டு முறை தோற்றவன் சென்னியப்பன் ஒருவன்தான்.

அவையிலிருந்து வெளியே வந்ததும் நாச்சிமுத்து அவனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏப்பா, எதைத்தான் நெனச்சே? உங்கப்பன் கடைசி மூச்சு இழுத்ததை நெனைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே!"

"அப்பனெல்லாம் எதுக்குங்ணா? நான் அந்தக் கலியமூர்த்தியையேதான் நெனச்சேன். நெனைக்கக்கூட வேண்டாமுங். உக்காந்தா வர்றான், படுத்தா வர்றான், சோத்துத் தட்டுல வர்றான்."

"அப்பறம் எதுக்கு அந்தம்மிணி இல்லைங்குது?"

சென்னியப்பன் தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியாதுங்களா?"

நாச்சிமுத்து துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"கதவை ஒதைச்சதைச் சொல்றனுங். இழுத்துப் போட்டதைச் சொல்றனுங். எல்லாம் கடகடன்னு வருது. 'வீட்டை எப்படிக் கண்டுபுடிச்சே'ங்கற எடம் வந்தா மட்டும் தொண்டையில கல்லு வந்து உக்காந்துக்குது. 'விசாரிச்சுட்டுப் போனோம்'னு தாண்டிப் போயிர்றேன். அந்தக் கல்லும் அந்தம்மா தொண்டைக்குத்தானுங்ணா போகுது?"

நாச்சிமுத்து சுற்றும் முற்றும் பார்த்தார். தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு எருமை மட்டும் நின்றது.

அந்த இரண்டு நாளில் முதல் நாள் மத்தியானம். சந்தையில் மாட்டை அவிழ்த்துவிட்டு ஆட்கள் தெறித்து ஓடிக்கொண்டிருந்தார்கள். முப்பது பேர் அரிவாளும் கேனுமாக வந்தார்கள். முன்னால் சென்னியப்பன், சட்டையெல்லாம் தம்பியின் ரத்தம். மாட்டுச் சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டை விரித்து அதற்கடியில் கையைக் கோத்து, விரலைப் பிடித்து அழுத்துவார்கள். எத்தனை விரல் பிடித்தார்கள் என்பது அந்த இரண்டு கைக்கு மட்டும்தான் தெரியும். சென்னியப்பன் நாச்சிமுத்துவின் தோளிலிருந்த துண்டை உருவி, இருவர் கைமேலும் போட்டான். காதருகே வந்து, "கலியமூர்த்தி வீடு எது?" என்றான். அந்த வீட்டுக்குக் கயிறு வாங்கப் போய் வந்துகொண்டிருந்தவர் நாச்சிமுத்து.

முப்பது வருடப் பழக்கம். துண்டு விழுந்தால் விரல் பேசிவிடும். மூன்று விரலைப் பிடித்து அழுத்தினார். விட்டார். நான்கு விரலைப் பிடித்தார். மூன்றாம் வரிசை, நான்காம் வீடு.

ஒரு வீட்டைக் கொடுத்தால் நூற்றைம்பத்தொன்பது வீடு தப்பும் என்று அந்த நொடியில் ஒரு பேரம் அவர் மண்டைக்குள் ஓடியது. ஓடியதா, அல்லது அப்புறமாக அவரே ஓட்டிவிட்டாரா என்பது அவருக்கே இப்போது சரியாகத் தெரியவில்லை. அன்று மூன்றாம் வரிசையும் எரிந்தது, நான்காம் வரிசையும் எரிந்தது.

அவை முதலில் வாக்குமூலம் எடுத்தபோது, "யாருக்காவது அடையாளம் சொன்னீங்களா?" என்று அவரையும் கேட்டார்கள். "ஒரு வார்த்தை வாயைத் தொறக்கலீங்க," என்றார். அப்படியே பதிந்துகொண்டார்கள். அதில் பொய் என்று ஒரு எழுத்தைக்கூட யாரும் காட்ட முடியாது.

"எம் பேரைச் சொல்லீர வேண்டியதுதானே," என்றார் இப்போது, குரலை இறக்கி.

"சொன்னா அவங்காளுக உங்களை உடுவாங்களா? உள்ள பேசுனது வெளிய போகக் கூடாதுன்னு விதி இருக்குது. வாயும் இருக்குதுங்களே. நீங்க போயிட்டா அந்தப் பக்கம் பேச ஆளு யாரு? அந்தப் பதினோரு பேரையும் மறுபடி தோண்ட மாட்டாங்களா?" அவன் குரல் உடைந்தது. "எங்க அக்கா பசங்க ரெண்டு பேரும் நேத்து கேன்ல பெட்ரோல் புடிச்சு வெச்சிருக்கறானுக. மாமனை உள்ள தள்ளுனா பார்த்துக்கறோம்ங்கறானுக. வாய்க்கால்ல மட்டும் என்ன, மீன் வெட்டற கத்தியைத் தீட்டி வெச்சுட்டு உக்காந்திருக்கறாங்க. வியாழக்கிழமை ரெண்டுல ஒண்ணு ஆகும்ங்ணா."

நாச்சிமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பேசறேன்," என்றார். முப்பது வருடமாக எல்லா வியாபாரத்திலும் அவர் சொல்லும் முதல் சொல் அதுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கயிற்றுக் கடைக்குப் போனார்.

கடை என்றால் வேப்பமரத்தடியில் நான்கு கம்பு, மேலே தார்ப்பாய். கடலில் வலை பின்னிய கைகள், இங்கே வந்து மூக்கணாங்கயிறும் தும்புக்கயிறும் முறுக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. கால் பெருவிரலில் ஒரு நுனியை மாட்டி அஞ்சலாட்சி முறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க தரகரே. கயிறா?"

"கயிறு கெடக்குது அம்மிணி. ஒரு பேச்சு."

"பேச்சுக்கு வெல சொல்ல மாட்டேன். உக்காருங்க."

உட்கார்ந்தார். சுற்றி வளைத்தார். வெயிலைச் சொன்னார், வாய்க்கால் முறை இந்த வருடம் ஒழுங்காக ஓடுவதைச் சொன்னார், சந்தை முழுசாகக் கூடினால் இந்தத் தார்ப்பாய்க்குப் பதில் ஓடு போட்டுக்கொள்ளலாம் என்றார். அவள் முறுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு வாங்குகிறவன் சரக்கைப் பார்க்காத மாதிரி பார்த்தால் அவனுக்கு ஆசை இருக்கிறது என்று அர்த்தம். இவளோ சரக்கையும் பார்க்கவில்லை, விற்பவனையும் பார்க்கவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் பேரம் பேசுவது சுவரோடு பேசுவது போல.

"சென்னியப்பன் நெசமாலுமே நொந்து போயிருக்கறான் அம்மிணி," என்றார் கடைசியில்.

"ம்."

"உங்களுக்கு அது தெரியலைங்களா?"

"தெரியுது."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா இல்லைன்னீங்க?"

"சரக்கு நல்ல சரக்குதான் தரகரே. மூட்டைக்குள்ள வேற என்னமோ ஒண்ணு கெடக்கு. அதை எடுத்து வெளிய வெச்சா வாங்கிக்கலாம்." கயிற்றை அறுத்து முடிச்சுப் போட்டாள். "வியாழக்கெழம நீங்களும் வருவீங்கல்ல?"

"எப்பவும் வர்றதுதானுங்களே."

"வாங்க. கண்டிப்பா வாங்க."

எழுந்து நடந்தபோது அவர் நெஞ்சு கொஞ்சம் லேசானது. 'கண்டிப்பா வாங்க' என்று சொல்கிறாளே, படியப் போகிறாள் என்று நினைத்தார். முப்பது வருட அனுபவமுள்ள தரகர், ஒரு கயிற்றுக்காரியின் முகத்தைத் தப்பாகப் படித்தார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கே திடல் நிரம்பிவிட்டது. நடுவில் போலீஸ் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் மேட்டுத் தெரு, அந்தப் பக்கம் வாய்க்கால். சந்தை நாள் அல்ல, மாடு ஒன்றுகூட இல்லை. மாடு இல்லாத சந்தையில் அவ்வளவு ஆட்கள் கூடியதை நாச்சிமுத்து ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறார். சென்னியப்பனின் அக்கா பையன்கள் முன்வரிசையில் நின்றார்கள். ஒருவன் தோளில் பை. பை கீழே தொங்கிய விதத்திலேயே அதற்குள் இருப்பது தண்ணீர் மாதிரி ஒன்று என்று தெரிந்தது. அவனைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அவன் சிரிக்கவில்லை.

உள்ளே நான்கு பேர்தான். இன்பவல்லி கதவைச் சாத்தினார். பட்டைகளைக் கட்டினார்.

சென்னியப்பன் ஆரம்பித்தான். தம்பி, மடை, ரத்தம். திடலில் கூட்டம் சேர்த்தது. நாச்சிமுத்து பின்னால் நின்றபடி அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். 'அந்த எடம் வந்தா உங்கப்பனை நெனச்சுக்க, கல்லு அழுகைல கரைஞ்சு போயிரும்' என்று காலையில்கூடச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அப்பறம்... விசாரிச்சோமுங்க. விசாரிச்சுட்டு அந்த வீட்டுக்கு..."

பிடரி விறைத்தது. எதிரே அஞ்சலாட்சியின் கை தானாகவே எழுந்து தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டது.

சென்னியப்பன் சொல்லி முடித்தான். தலை தொங்கியது. வெளியே யாரோ இருமினார்கள், அது இங்கே கேட்டது.

"அம்மா," என்றார் இன்பவல்லி மெதுவாக. "உங்க பதில்?"

அஞ்சலாட்சி தொண்டையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள். அவசரம் காட்டவில்லை.

நாச்சிமுத்துவின் மண்டைக்குள் பேரம் ஓடியது. 'இல்லை' என்று சொல்லிவிட்டால் சென்னியப்பன் உள்ளே போவான். பை வைத்திருப்பவன் பையைத் திறப்பான். தம் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாமல் பத்திரமாக இருக்கும். அன்று ஒரு ஊருக்கு ஈடாக ஒரு வீட்டை எடை போட்ட அதே ஆளுக்கு, இன்று அதே ஊருக்கு ஈடாகத் தன் ஒரு தலையை எடை போட வேண்டியிருந்தது. இதில் யோசிக்க எதுவுமே இல்லை; எந்தக் கத்துக்குட்டித் தரகனும் சொல்லிவிடுவான். ஆனாலும் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. அடுத்தவன் தலையை வைத்துப் பேசும்போது எவ்வளவு வேகமாகப் படிந்தது!

அஞ்சலாட்சியின் உதடு பிரிந்தது.

"நாந்தானுங்க," என்றார் நாச்சிமுத்து.

இன்பவல்லி திரும்பினார். "தரகரே, நடுவுல பேசக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

"வீட்டைக் காட்டுனது நாந்தானுங்க. இவன் என்னைக் காட்டிக் கொடுக்க வேண்டாம்னு முழுங்கீட்டு இருக்கறான்."

"அண்ணா!" என்றான் சென்னியப்பன்.

அஞ்சலாட்சி அப்போதுதான் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். "நீங்க வாயே தொறக்கலன்னுல்ல எழுதிக் குடுத்தீங்க?"

"வாயைத் தொறக்கலீங்க அம்மிணி. துண்டுக்கு அடியில விரலைப் புடிச்சேன். மூணு. அப்பறம் நாலு."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். வெகு நாளாகத் தொலைந்திருந்த ஒன்று, தேடிய இடத்திலேயே கிடைத்தது போல. பிறகு இன்பவல்லியிடம் சொன்னாள்: "சென்னியப்பனை ஏத்துக்கறேன். எழுதிக்குங்க."

சென்னியப்பன் மேஜைமேல் கவிழ்ந்தான். ஆறடி உடம்பு குலுங்கியது. அஞ்சலாட்சி தன் பட்டையைக் கழற்றவில்லை.

"அவரு கையில இருக்கறதை அவுத்துத் தரகருக்குக் கட்டுங்க."

"அம்மா, அதுக்கு மனு குடுக்கணும், ஒரு வாரம்..."

"இப்பவே கட்டுங்க. இல்லன்னா சொன்னதைத் திருப்பி எடுத்துக்குவேன்."

இன்பவல்லி வெளியே இருந்த இரைச்சலைக் கேட்டார். பட்டையை அவிழ்த்தார்.

நாச்சிமுத்து உட்கார்ந்தார். அந்த நாற்காலி இவ்வளவு தாழ்வு என்று அவருக்குத் தெரியாது. மணிக்கட்டில் பட்டை ஏறியதும் உடம்பு தன்பாட்டுக்கு, பதினோரு பேருக்குச் சொல்லிக் கொடுத்ததைச் செய்தது. வாய் அந்த மத்தியானத்தைச் சொல்ல ஆரம்பித்தது. வயிறு ஆறு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்குத் தவித்த மனைவி மரகதத்திடம் போனது. மரகதம் அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு அடைத்தது. கண்ணில் தண்ணீர் இறங்கியது.

அஞ்சலாட்சி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும் கேட்டாள்: "யாரு அவங்க?"

"யாருங்க?"

"நீங்க இப்ப அழுதது. பொண்டாட்டியா?"

நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதெல்லாம் பட்டை சொல்லாதுங்களே அம்மிணி..."

"பட்டை சொல்லல. மூணு வருஷமா நானும் ஒருத்தருக்கு அழுவுறேன்ல? எனக்குத் தெரியாதா அது எப்படி இருக்கும்னு? குத்தம் செஞ்சவனுக்கு இங்க புடிக்கும்." அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "உங்களுக்கு நெஞ்சுல புடிச்சுது."

இன்பவல்லி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தப் பதினோரு பேரும் இப்படித்தான்," என்றாள் அஞ்சலாட்சி. "ஒருத்தன் அம்மாவுக்கு அழுதான். ஒருத்தன் செத்துப்போன கன்னுக்குட்டிக்கு அழுதேன்னு அவனே வெளிய சொன்னானாம், அவனை ஏத்துக்கிட்ட கமலவேணி எங்க தெருவுல வந்து சொல்லிச் சிரிச்சா. சிரிச்சு முடிச்சுட்டு ஒரு நாள் பூரா அழுதா. நாங்க பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும் தரகரே. மொத ஆளுலேருந்து தெரியும்."

"தெரிஞ்சுமா ஏத்துக்கிட்டீங்க?"

"எங்க புள்ளைங்க அந்த ரோட்டுலதானே பள்ளிக்கூடம் போவணும்? அவங்க யாருக்கோ அழுதாங்க. நாங்க நம்புன மாதிரி தலையாட்டுனோம். ரோடு தொறந்துச்சு. நீங்க எங்களை ஏமாத்திட்டதா நெனச்சுக்கிட்டு இருந்தீங்க. நாங்க தெரிஞ்சுதான் வாங்கிக்கிட்டோம்."

வாழ்நாளெல்லாம் சரக்கு விற்ற நாச்சிமுத்துவுக்கு, தம் சரக்கை இப்படி ஒருவர் எடை போட்டது முதல் தடவை. எழுந்து போய்விட வேண்டும்போல் இருந்தது. பட்டை அதையும் அவளுக்குக் கடத்தியிருக்கும்.

"அப்ப சென்னியப்பனை மட்டும் ஏனுங்க..."

"அவரு ஒருத்தருதான் எங்க வீட்டுக்காரருக்காக அழுதாரு. நெசமா அழுவுறவங்ககிட்டதானே நெசத்தைக் கேக்க முடியும்? எங்க தெருவுல எல்லா வீடும் ஒரே வெள்ளை. நாங்களே தப்பான கதவைத் தட்டிட்டு நிப்போம். அன்னிக்கி அவங்க தேடவே இல்ல, நேரா வந்தாங்க. யாரோ சொல்லியிருக்கணும். அது யாருன்னு தெரியாம நான் எதுத்தாப்புல வர்றவங்க எல்லார் மூஞ்சியையும் பாத்துக்கிட்டே நடந்தேன், மூணு வருஷம்." பட்டையை இப்போதுதான் கழற்றினாள். "உங்களுக்கு இல்லை. மொத தடவை. எழுதிக்குங்கம்மா."

இன்பவல்லி எழுதினார். அடுத்த அமர்வு இரண்டு வாரம் கழித்து. அதுவரை இந்த அறையில் பேசியது அறையிலேயே இருக்கும் என்றார்.

கதவு திறந்தது. சென்னியப்பன் முகத்தைப் பார்த்ததுமே மேட்டுத் தெருக் கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. வாய்க்கால் பக்கம், அஞ்சலாட்சி கையை உயர்த்திக் காட்டினாள். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. பையை வைத்திருந்தவன் அதைக் கீழே வைக்க இடம் தெரியாமல் தோளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டான். நாலு பேர் வந்து நாச்சிமுத்துவின் கையைப் பிடித்தார்கள். "நீங்க இல்லைன்னா முடிஞ்சிருக்குமுங்களா?" என்றார்கள். அவர் கையை உருவிக்கொண்டார்.

மறு செவ்வாய்க்கிழமை சந்தை முழுசாகக் கூடியது. நாச்சிமுத்து எந்த மாட்டுப் பக்கமும் போகவில்லை. துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார்.

"கயிறா?" என்றாள் அஞ்சலாட்சி.

"ரெண்டாவது தடவைக்கு எதை நெனைக்கறதுன்னு தெரியலீங்க." சொன்ன பிறகுதான், பதினோரு பேர் தம்மிடம் இதே கேள்வியோடு வந்து நின்றது உறைத்தது. "உங்க வீட்டுக்காரரை நெனைக்கப் பாத்தேனுங்க. அஞ்சாறு வருசம் அவர்கிட்டக் கயிறு வாங்கியிருக்கறேன். வீடு வருது, வரிசை வருது, கதவு வருது. முகம் வர மாட்டேங்குதுங்க."

அவள் முறுக்குவதை நிறுத்தினாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு காலால் ஒரு கட்டைப் பலகையை அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்கார்ந்தார். ஒரு நுனியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள், இழுத்துப் பிடிக்கச் சொல்லி. கயிறு இருவருக்கும் நடுவில் விறைத்து நின்றது.

"குட்டையா இருப்பாரு," என்றாள். "முன்பல்லு ஒண்ணு பாதி ஒடைஞ்சிருக்கும். கயித்தை அளந்து குடுக்கும்போது ஒரு சாண் எப்பவும் கூட விடுவாரு. எதுக்குன்னு கேட்டா சிரிப்பாரு."

"ம்."

"எடது காது கேக்காது. கடல்ல ஒரு தடவை அலை அடிச்சுச் செவுடாயிருச்சு. மத்தியானம் தூங்குனாருன்னா வலது காதைத் தலகாணியில அமுக்கிக்கிட்டுத்தான் தூங்குவாரு. ஊரே கூடிக் கத்துனாலும் எழுந்திரிக்க மாட்டாரு. அன்னிக்கி நான் தண்ணி லாரிக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுல எல்லாரும் சத்தம் கேட்டு ஓடியிருக்காங்க. அவங்க வந்து கதவை ஒதைக்கிற வரைக்கும் இவரு தூங்கிக்கிட்டுத்தான் இருந்திருக்காரு."

நாச்சிமுத்துவின் அடிவயிற்றில், தொப்புளுக்குக் கீழே, ஏதோ ஒன்று பிடித்து முறுக்கியது. கயிற்றை விட்டுவிடாமல் இருக்க இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். அஞ்சலாட்சி மறுமுனையைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் சொல்லவா?" என்றாள்.

"சொல்லுங்க அம்மிணி."